மனநலம் பாதித்தவரை ஊரே சேர்ந்து அடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

தேயிலைக்காடு (கோத்தகிரி பக்கம்):
பேக்கரியில் வேலை எனக்கு. போன பனிக்காலத்தில் ஒரு சாயந்திரம், பஸ் ஸ்டாப்பில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒருவர் வர்க்கி நீட்டியிருக்கிறார். எங்கள் கடையில் வாங்கியதுதான். எஸ்டேட் லைன் வீட்டில் அம்மாவோடு இருப்பவர். தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பார், அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்கிறவன்டா" என்று யாரோ கத்த, கூட்டம் கூடிவிட்டது. நான் போவதற்குள் நைலான் கயிற்றால் கரண்ட் கம்பத்தில் கட்டியாகிவிட்டது. உதடு கிழிந்து, ஸ்வெட்டர் முழுக்க ரத்தம். கட்டியவர்களில் ஒருவன் எங்கள் கடைக்கு வருகிறவன். "ஆள் தெரியுமேடா" என்றேன். "தெரியும்ணே, ஆனா இவனுங்க எப்ப என்ன செய்வானுங்கன்னு சொல்ல முடியாது." செய்துகொண்டிருந்தது யார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு பாட்டியை இதே வதந்தியை நம்பித்தான் அடித்துக் கொன்றார்கள். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நல்லவேளை, வந்த எஸ்.ஐ. விவரமானவர். கயிற்றை அவிழ்த்து நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இப்படிப்பட்டவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவே சொல்கிறதாம்.

கொடை அக்கா:
என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). டாஸ்மாக் பக்கம் நான்கு பேர் காசைப் பிடுங்கிக்கொண்டு அடித்தார்கள். "ஒழுங்கா மாத்திரை போட்டா ஏன் அடிக்கப் போறாங்க" என்று எங்கள் பெரியப்பாவே கேட்டார். அன்றைக்கும் போட்டுவிட்டுத்தான் போனான்! ஸ்டேஷனில், "இவன் சொல்றத வெச்சு எப்படிம்மா எழுதுறது" என்றார்கள். கேள்வி புரிந்து பதில் சொல்ல முடிந்தால் மனநோய் உள்ளவரும் சாட்சி சொல்லலாம். பழைய சாட்சியச் சட்டத்திலும் உண்டு, அதற்குப் பதிலாக வந்த 2023 சட்டத்தில் 124ஆம் பிரிவு. வக்கீல் ஒருவர் இதைக் குறிப்பிட்டு மனு எழுதித் தந்த பிறகுதான் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கிடைத்தது. தம்பி நாலு பேரையும் அடையாளம் சொன்னான், ஒருத்தன் போட்டிருந்த குல்லாவின் நிறம் வரைக்கும்.

தேயிலைக்காடு தம்பி, உங்கள் ஊரில் கட்டிப்போட்டவர்கள் மேல் கேஸ் போட்டார்களா?

தேயிலைக்காடு:
இல்லக்கா. அவங்க அம்மா வேண்டாம்னுட்டாங்க. அடிச்சதுல ரெண்டு பேர் அதே லைன்ல, பக்கத்து வீடு.