பழைய பங்க் பக்கத்துக் கிணறு: பெர்மாங்கனேட் இறக்கலாமா?

பாலாற்றங்கரை:
வாணியம்பாடி. பக்கத்து மனையில் எப்போதோ மூடிய பெட்ரோல் பங்க். எங்கள் கிணற்றில் பெட்ரோல் வாடை. லேபில் கொடுத்தால், பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற நச்சுப்பொருள் என்கிறார்கள். மனைக்காரர் அழைத்து வந்த கம்பெனி, "போர் போட்டு பெர்மாங்கனேட்னு ஒரு ரசாயன மருந்து இறக்கினால் எல்லாம் எரிஞ்சு போயிடும்" என்கிறது. நம்பலாமா?

போர்வண்டி:
தம்பி, முதல்ல அந்தத் தண்ணியில சமைக்கிறது, குளிக்கிறது ரெண்டையும் நிறுத்துங்க.

இந்த வேலையிலதான் இருக்கேன். பெர்மாங்கனேட்னு சொன்னதுமே இடிக்குது. மெஷின் பாகம் கழுவுற ட்ரைகுளோரோஎத்திலீன் மாதிரி சரக்குக்கு அது அருமையான மருந்து. பென்சீனை அசைக்காது. அதுக்கு பெர்சல்பேட்னு வேற மருந்து வேணும், அதையும் காரமோ இரும்போ சேர்த்துக் கிளப்பி விடணும். பெராக்சைடும் இரும்பும் சேர்த்தா வேகம் அதிகம்தான். ஆனா சூடேறி வாயு கிளம்பும். பெட்ரோல் ஆவி இருக்கிற மண்ணுல, வீட்டை ஒட்டி, நான் கை வைக்க மாட்டேன்.

தண்ணி மேல எண்ணெய் மிதந்தா முதல்ல அதை இறைச்சு எடுக்கணும். மருந்து கரைஞ்சிருக்கிறதைத்தான் ஒழுங்கா பிடிக்கும். மண்ணுல மக்கிக் கிடக்கிற இலைதழையும் மருந்தைத் தின்னும், அது எவ்வளவுன்னு லேபில் பார்க்காம அளவு சொல்றவனை நம்பாதீங்க. களிமண்ணா இருந்தா இன்னும் வம்பு. இறக்கின கையோட எடுத்த ரிப்போர்ட் பளிச்சுன்னு வரும். சில மாசத்துல களிக்குள்ள ஊறினது கசிஞ்சு, பென்சீன் மறுபடி ஏறும். அந்த முதல் ரிப்போர்ட்டைக் காட்டி முழுப் பணம் கேட்பாங்க, உஷார்.

தோல்ஷாப் மணி:
வாணியம்பாடின்னதும் எட்டிப் பார்த்தேன். பங்குக்கு முன்னால அங்க தோல் பதனிடுற ஷாப் இருந்துச்சா? பதனிடுற குரோமியம் மூணாம் நிலைங்கிற வடிவத்துல இருக்கும், மண்ணோட ஒட்டிக் கிடக்கும். இவங்க இறக்குற மருந்து அதை ஆறாம் நிலைக்கு மாத்திட்டா தண்ணியோட ஓடும், புற்றுநோய் வரவைக்கும். ராணிப்பேட்டையில மூடின குரோமேட் ஆலைக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல கிடக்கு. அங்க ஆறை மூணாக்க வழி தேடுறாங்க, இங்க மூணை ஆறாக்கப் போறாங்களா?

போர்வண்டி:
மணி அண்ணன் சொன்னதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம். மண்ணுல குரோமியம் பார்க்காம ஒரு லிட்டர் இறக்க விடாதீங்க. குடிநீர்ல மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் நம்ம நாட்டு வரம்பு. மண்ணுல குரோமியம் இருந்துச்சுன்னா, மருந்துக்குப் பதிலா காத்தை ஊதி ஆவியை உறிஞ்சி எடுக்கிற முறையைக் கேளுங்க. மெதுவாத்தான் ஆகும்.

பாலாற்றங்கரை:
அப்பாவிடம் கேட்டேன். தோல் ஊறப்போடும் தொட்டி அங்கேதான் இருந்ததாம். மண் எவ்வளவு ஆழத்தில் எடுக்கச் சொல்லட்டும்?

போர்வண்டி:
மேல்மண்ணுல ஆரம்பிச்சு தண்ணி மட்டம் வரைக்கும், மண்ணோட நிறம் மாறுற ஒவ்வொரு இடத்திலயும். உங்க செலவுல வேண்டாம், மனைக்காரர் கொடுக்கட்டும்.