சாமியும் கொலையும் கடைசிப் பக்கமும்: அண்மையில் வாசித்து முடித்தவை

கொட்டகலை டீச்சர் (தொடக்கியவர்)

லீவுக்குள் இரண்டு புத்தகம் முடித்தேன். இரண்டும் மர்மக் கதை, இரண்டிலும் சாமியும் சேர்ந்து வருகிறது. ஆசைக்கு வாசிக்கிறவள் நான், விமர்சனம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஒரு விஷயம் மனசில் கிடந்து அரிக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, உங்களுக்கும் அப்படி நடந்திருக்கிறதா என்று கேட்கலாம் என நினைத்தேன்.

முதலாவது இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் அவர் இறந்த செய்தி வந்தபோதுதான், அவருடைய நாவல் ஒன்றைக்கூட முழுசாக வாசித்ததில்லை என்பது உறைத்தது. ‘விட்டு விடு கருப்பா’வைத் தேடி எடுத்தேன். ‘விடாது கருப்பு’ என்று தொலைக்காட்சியில் வந்ததே, அதன் மூலக்கதை. தப்புச் செய்தவனைக் கருப்பசாமியே குதிரையேறி வந்து தண்டிக்கிறது என்று ஊர்ச் சனம் நம்புகிறது. அது சாமிதானா, மனிதக் கையா என்பதுதான் கதை.

எங்கள் வீட்டில் இந்த மாதிரிக் கதையை யாரும் கதையாகக் கேட்க மாட்டார்கள். தேயிலை ஸ்டோருக்குள், அதாவது கொழுந்து அரைக்கிற ஆலைக்குள், ரோதை முனி இருக்கிறது என்பார் அப்பாயி. ரோதை என்றால் மெஷின் சக்கரம். சுற்றுகிற ரோதையில் ஆளின் கை போய்விடாமல் காப்பது அதுதானாம். தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கத்தியை வைத்துக் கும்பிடுகிற கவ்வாத்துச் சாமி வேறு. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து வந்தவர்கள் முனியாண்டியையும் மாடசாமியையும் கூடவே கூட்டிவந்தார்கள். அதோடு நிற்காமல், இங்கே மெஷினுக்கும் மலைக்கும் ஏற்ற புதுச் சாமிகளையும் உண்டாக்கிக்கொண்டார்கள். கை போனால் குடும்பமே போய்விடும் என்ற பயத்தில் பிறந்த சாமி அது. அப்படியொரு வீட்டில் வளர்ந்த எனக்கு, ‘சாமியெல்லாம் வேஷம், பின்னால் ஒரு கடத்தல்காரன் இருந்தான்’ என்று முடிகிற நாவல்களைக் கண்டால் கோபம் வரும். கும்பிட்ட சனத்தை முட்டாளாக்கிவிட்டுப் போகிற முடிவு அது. இந்த நாவல் என்னை அப்படிக் கோபப்படுத்தவில்லை. நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, சில இடங்களில் ஒரே விளக்கம் இரண்டு தரம் வருகிறது. ஆனால் நம்புகிறவனையும் சந்தேகப்படுகிறவனையும் ஒரே மரியாதையோடு பேச விடுகிறது.

இரண்டாவது, உம்பர்ட்டோ எக்கோ இத்தாலிய மொழியில் எழுதி 1980இல் வந்த ‘ரோஜாவின் பெயர்’. ஆங்கிலத்தில் வாசித்தேன். லீவுக்கு வெகுநாள் முன்பே தொடங்கியது, அடிக்கடி கீழே வைத்து எடுத்தது. 1327ஆம் ஆண்டு, மலைமேல் ஒரு பெனடிக்டைன் மடம், ஏழு நாள், ஒருவர் பின் ஒருவராகச் சாகிற துறவிகள், வெளியாள் நுழைய முடியாத ஒரு நூலகம். முதல் நூறு பக்கத்தைச் சுருக்கச் சொன்னபோது எக்கோ மறுத்துவிட்டாராம். மலையேற வருகிறவன் அந்த மலைக்கு ஏற்ற மூச்சைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். சின்ன வயசிலிருந்து பள்ளிக்கூடத்துக்கே மலையேறிப் போனவளுக்கு அதை விளக்கத் தேவையில்லை. நூறாவது பக்கம் தாண்டியதும் எனக்கும் மூச்சு வந்தது.

பாதியில் இருந்தபோது பிள்ளைகளை ஹப்புத்தளை அடிசம் பங்களாவுக்குக் கூட்டிப்போனோம். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கருங்கல் வீடு, இப்போது பெனடிக்டைன் துறவிகளின் மடம். கதையில் வருகிற அதே சபை! பார்க்க விடுகிற ஒருசில அறைகளில் நூலகமும் ஒன்று. பழைய புத்தக அலமாரிகளுக்கு முன்னால் நின்றபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. வெளியே பனிமூட்டம் மரங்களை மூடிக்கொண்டு வந்தது. ஜாம் போத்தல் வாங்கிக்கொண்டு வரும் வழியில் மகனுக்கு வாசித்தவரை கதை சொன்னேன். “அப்ப அந்தப் புத்தகத்துல என்ன இருக்கு, ஏன் அதை ஒளிச்சு வைக்கிறாங்க?” என்று பண்டாரவளை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான். அந்த ஒரு கேள்விதான் நாவல் முழுக்க. இயேசு சிரித்தாரா, சிரிக்கவில்லையா என்று துறவிகள் வாதாடுகிற இடங்கள் முதலில் கதைக்குச் சம்பந்தமில்லாதவையாகத் தெரிந்தன. முடிவில் பார்த்தால் எல்லாக் கொலையும் அந்தப் பேச்சுக்குள்தான் இருந்திருக்கிறது.

நீங்கள் கடைசியாக முடித்தது என்ன? எங்கே இருந்து வாசித்தீர்கள், முடிவு உங்களை என்ன செய்தது? முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

நானுஓயா அண்ணன்

டீச்சர், நான் வாசித்தது அகதா கிறிஸ்டியின் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் கொலைக் கதை, 1934இல் வந்தது. சாமியும் இல்லை பூதமும் இல்லை. ஆனால் வாசித்த இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

கொழும்பிலிருந்து இரவுக் கோச்சியில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஹட்டனுக்கு முன்னால் ஓரிடத்தில் கோச்சி நின்றுவிட்டது. மேலே மண் சரிந்திருக்கிறது, பாதை துப்புரவாகும்வரை நகராது என்றார்கள். சரியாக அந்த நேரம் கையில் இருந்த புத்தகத்திலும் ரயில் பனியில் புதைந்து நிற்கிறது, உள்ளே ஒரு பிணம்! வெளியே மழை, பெட்டிக்குள் மங்கல் வெளிச்சம். எதிரே இருந்த அம்மா ரொட்டியும் சம்பலும் எடுத்து எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்தார். நான் ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் புத்தகத்தோடு பெட்டியில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியும்போதுதான் கோச்சி அசைந்தது. நான் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன்.

பிறகு தேடி அறிந்துகொண்டது: 1929இல் அந்த ரயில் துருக்கியில் நிஜமாகவே பனியில் நாட்கணக்காகச் சிக்கியிருக்கிறது. 1931 டிசம்பரில் கிறிஸ்டி அம்மையார் பயணம் செய்தபோது கடும் மழையில் தண்டவாளம் அடித்துப்போய், அவருடைய ரயிலும் நடுவழியில் நின்றிருக்கிறது. பனியைக் கதையில்தான் பார்க்கிறோம், மழையில் தண்டவாளம் போவதை நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிறோம். அந்தப் புத்தகம் எனக்கு அந்நியமாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

முடிவு பற்றி ஒரு வார்த்தை. நீதி எது, சட்டம் எது என்று நம்மைத் தீர்மானிக்கச் சொல்கிறது. நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

பொகவந்தலாவை வாசகர்

கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. செஸ்டர்டன் எழுதிய ஃபாதர் பிரவுன் கதைகளின் முதல் தொகுப்பு, 1911இல் வந்தது, போன மாதம் முடித்தேன். குட்டையான, குடையை எங்காவது மறந்து வைக்கிற ஒரு பங்குச் சாமியார் கொலைகளைத் துப்பறிகிறார். முதல் கதையில் சாமியார் வேஷம் போட்ட திருடனை அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் தெரியுமா? அவன் பேச்சுவாக்கில் பகுத்தறிவைப் பழிக்கிறான். உண்மையான குரு அப்படிப் பேசமாட்டான், அது இறையியலே இல்லை என்று பிடித்துவிடுகிறார். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது. விசுவாசம் என்றால் யோசிக்காமல் இருப்பது என்று சின்ன வயசில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அதனால் பல வருஷம் கோயிலுக்கே போகாமல் இருந்தேன். இந்தக் கதையைப் பதினைந்து வயசில் வாசித்திருக்க வேண்டும்.

தொகுப்பில் எல்லாக் கதையும் ஒரே தரம் இல்லை. சிலவற்றில் மனிதர்களைப் பற்றி அந்தக் காலத்து ஐரோப்பியப் பார்வை உறுத்துகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹட்டன் தங்கச்சி

நான் உடன்படமாட்டேன் டீச்சர். கொலைக் கதைக்குள் சாமி வந்தாலே எனக்குப் பிடி விட்டுப்போகிறது. எந்த முடிச்சையும் சாமி அவிழ்த்துவிடலாமே, பிறகு நான் எதற்கு மூளையைக் கசக்க வேண்டும்? சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ வாசித்தேன். பேயா விஞ்ஞானமா என்று துப்பறிகிற வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுகிறார்கள். நான் முழுக்க கணேஷ் கட்சி. அதுகூட ராத்திரி வாசிக்க முடியவில்லை, எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கரண்ட் போனால் அவ்வளவுதான். பகலில் வாசித்து முடித்தேன்.

கண்டி நானா

இத்தனை பேர் வெளிநாட்டுக் கதையும் இந்தியக் கதையும் சொல்லிவிட்டீர்கள். நம் ஊரில் பிறந்ததைச் சொல்ல வேண்டாமா? கண்டியில் வாழ்ந்த சித்திலெப்பை எழுதிய ‘அசன்பேயுடைய கதை’, 1885. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று படிப்பிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க்குக்கு மனப்பாடம் செய்த பெயர், வாசித்தது இப்போதுதான்.

எகிப்தில் பெரிய குடும்பத்துக் குழந்தையைக் கடத்திவிடுகிறார்கள், அவன் இந்தியாவில் வளர்கிறான், தான் யாரென்றே தெரியாது. ஆள்மாறாட்டம், துரத்தல், தப்பித்தல் என்று போகிறது. இதைத் திரில்லர் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? எழுதியவர் சட்டத்தரணி, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர், சூஃபி ஞானம் பற்றியும் நூல் எழுதிய மார்க்க அறிஞர். அவர் மார்க்கத்தையும் கடத்தல் கதையையும் ஒரே மேசையில் வைத்து எழுதியிருக்கிறார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு வந்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் எகிப்துக் கதை வருகிறது என்றால், அந்த மனிதரின் பாதிப்பு இருந்தே இருக்கும் என்று என் மனம் சொல்கிறது. பாஷா பிற்காலத்தில் இருந்த கண்டி வீடு இப்போது நினைவு இல்லம். புத்தகத்தை முடித்த அடுத்த நாள் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்வந்தேன்.

மொழி பழசு, முதல் பத்துப் பக்கம் நாக்கில் நிற்காது. சத்தம் போட்டு வாசியுங்கள். நான் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், உம்மா அடுத்த நாள் அசர் தொழுதுவிட்டு வந்து, “அந்தப் புள்ள கிடைச்சானா?” என்று கேட்டார். 140 வருஷத்துக்கு முந்திய கதை ஒன்று அப்படிக் கேட்க வைக்கிறது.

மஸ்கெலியா தம்பி

நான் முடித்த புத்தகத்தை முடித்தேன் என்று சொல்ல முடியாது அக்கா. எங்கள் தொங்கல் லயத்தில், அதாவது கடைசி லயத்தில், ஒரு அண்ணன் கொழும்பில் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கு வரும்போது பாக்கெட் நாவல் ஒரு கட்டுக் கொண்டுவருவார். அவை காம்பரா காம்பராவாக, வீடு வீடாகக் கைமாறி, கடைசியில் எங்களிடம் வரும்போது முன் அட்டையும் இருக்காது, பின் பக்கங்களும் இருக்காது. ராஜேஷ்குமாரா, சுபாவா, பட்டுக்கோட்டை பிரபாகரா என்று நடையை வைத்து ஊகிப்போம். கொலைகாரன் யாரென்று இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து ஆளுக்கொரு முடிவு சொல்வோம். அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து, கூடையை இறக்கிவைத்துவிட்டு, தானும் ஒரு முடிவு சொல்வார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, நாங்கள் சொன்ன கதையை வைத்தே சொல்வார். பெரும்பாலும் அம்மா சொன்னதுதான் எங்களுக்குச் சரியாகப் படும்.

அதில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. போன வாரம் திரும்ப வாசித்தேன். கோயில் சிலை காணாமல் போகிறது, பூசாரியின் மகள் ஊமை, அவள் மட்டும் பார்த்திருக்கிறாள். கோலத்தில் எதையோ வரைந்து காட்டுகிறாள், அந்த இடத்தோடு பக்கம் முடிந்துவிடுகிறது. யாருக்காவது இந்தக் கதை தெரியுமா? அம்மா இப்போது இல்லை, அவர் சொன்ன முடிவு எனக்கு ஞாபகம் இருக்கிறது. சரியா என்று பார்க்க வேண்டும்.

கொட்டகலை டீச்சர்

தம்பி, அப்பாயியிடமும் இப்படி ஒரு கட்டு இருந்தது, தகரப் பெட்டியில். ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்க்கிறேன். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்தப் புத்தகத்தில் வாசகர் கடிதப் பக்கம் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். கடிதக்காரர்கள் போன மாத நாவலின் பெயரைச் சொல்லித்தான் பாராட்டியிருப்பார்கள். அந்தப் பெயர் கிடைத்தால் அதற்கு அடுத்த மாதத்து நாவல்தான் உங்களுடையது. ஊமைப் பெண் வரைந்த கோலத்தைப் பற்றி எழுதியிருக்கிற வரியையும் படம் எடுத்துப் போடுங்கள். அம்மா சொன்ன முடிவை இப்போதே இங்கே சொல்லிவிடாதீர்கள், புத்தகம் கிடைத்த பிறகு சொல்லுங்கள்.