எண்ணொத்த பொறியா, உடன்பிறந்த எஞ்சினா?

அன்புள்ள ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

சேலத்தில் பாலிடெக்னிக் மாணவர்களுக்காக எழுதும் பழைய கார்ப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் காரில் இருந்த அதே எஞ்சினைக் குறிக்கும் சொல் மட்டும் இன்னும் அமையவில்லை.

ஐயா முன்வைத்த 'எண்ணொத்த பொறி' அமெரிக்காவின் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்ற வழக்கைத் தழுவியது. அங்கே பல கார்களில் சேசிஸ் (அடிச்சட்ட) எண்ணின் ஒரு பகுதியை எஞ்சின் பிளாக்கிலேயே பொறித்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வழியுண்டு. நம் அம்பாசிடரில் இரண்டும் வெவ்வேறு எண்கள். ஒப்பிட நம் கையில் இருப்பது ஆர்.சி. புத்தகம். எஞ்சினை மாற்றியவர் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிந்துவிட்டால், மாற்று எஞ்சினின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துத்தான் போகும்.

சென்ற வாரம் கொண்டலாம்பட்டிப் பட்டறையொன்றில் 1489 சிசி எஞ்சின் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினேன். புத்தகத்தில் இருந்த எண் ஓர் இலக்கமும் பிசகாமல் இருந்தது. ஆனால் மெக்கானிக் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் எண் தகட்டின் ரிவிட் தலைகள் மட்டும் புதிதாக மின்னின. தகட்டை ஒட்டி, முன்பிருந்த தகட்டின் விளிம்புத் தடம் பெயிண்டில் சற்று விலகித் தெரிந்தது. "இது வண்டியோட பொறந்த இஞ்சின் இல்லைங்க" என்றார் அவர். 'உடன்பிறந்த எஞ்சின்' என்ற சொல்லை நான் எடுத்தது அவர் வாயிலிருந்துதான்.

எண் பொறிக்கப்பட்டதால் அது பொறி என்னும் ஐயாவின் விளக்கம் அழகானது. பொறித்த மீன் முத்திரையாகிய பாண்டியரின் கயற்பொறியும், சிலப்பதிகாரம் மதுரை மதிலில் காட்டும் வில் எந்திரமாகிய வளைவிற்பொறியும் அச்சொல்லின் இரு பொருளுக்கும் துணை நிற்கின்றன. ஆயினும் அடுத்த பாடமே ஸ்பார்க் பிளக்கைப் பற்றியது. அங்கே 'பொறியில் பொறி எழவில்லை' என்று எழுதினால் மாணவன் எதைக் கழற்றுவான்? 'மூல எஞ்சின்' என்றால், வேறோர் அம்பாசிடரிலிருந்து கழற்றி வந்த அதே வகை எஞ்சினையும் அது குறித்துவிடும். உடன்பிறத்தல் உயிருக்கே உரியது என்ற தடைக்கு, வியாதியையே உடன்பிறந்தது என்ற மூதுரை விடை சொல்கிறது.

ஆகவே எஞ்சினுக்கு 'உடன்பிறந்த எஞ்சின்' என்றும், புத்தகத்தோடு ஒத்துப்போவதற்கு 'எண்ணிசைவு' என்றும் இரு சொற்களாகப் பிரித்து எழுத எண்ணுகிறேன்.

---

தம்பிக்கு,

எண்ணிசைவு நன்று, ஏற்கிறேன். ஆனால் உடன்பிறந்தது என்றால் அண்ணன் தம்பி என்றல்லவா பொருள்? அதே நாளில் ஆலையை விட்டு வந்த வேறோர் எஞ்சினை அப்படி அழைப்பதே முறை. குழுவில் பெரும்பாலோர் உங்கள் பக்கம் இருப்பதால் அச்சில் வரட்டும். என் மறுப்பையும் 'எண்ணொத்த பொறி'யையும் அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.