புதுப்பிப்பு: அந்தப் பழைய பெர்கஷன் ரைஃபிளை மறுபடி போய்ப் பார்த்தேன்

போன வாரம் பர்மிங்ஹாமில் ஏலத்துக்கு முன் பார்வைக்கு வைத்திருந்த 1840கள் காலத்து வேட்டை ரைஃபிளைப் பற்றி எழுதியிருந்தேன். பெர்கஷன் என்றால், ‘கேப்’ என்ற குட்டி உலோகத் தொப்பியைச் சுத்தியல் அடிக்க, அந்தப் பொறியில் மருந்து பற்றிக்கொள்ளும் வகை. அதில் இரண்டு தப்பு, இரண்டும் என்னுடையவை.

கேப் மாட்டும் முளைக்குக் கீழே இருந்த வெள்ளைப் புள்ளியை ‘வெள்ளி அலங்காரம்’ என்றேன். ஒருவர் பிளாட்டினம் என்று திருத்தினார். அவர் சொன்னதுதான் சரி. வெடிமருந்துப் புகை இரும்பை அரித்துவிடும், பிளாட்டினத்தை அரிக்காது. அதனால்தான் அங்கே அந்தக் குட்டி அடைப்பு.

அடுத்தது, தகட்டில் ‘லண்டன்’ என்று பொறித்திருந்ததை அப்படியே நம்பிவிட்டேன். இந்த முறை குழலைக் கழற்றிக் காட்டினார்கள். முன்கட்டையில் குறுக்கே இருக்கும் ஆப்பைத் தள்ளினால் போதும், குழல் கையோடு வந்துவிடுகிறது. அடியில் குறுக்கிட்ட செங்கோல்கள், மேலே கிரீடம்: துப்பாக்கிக் குழல்களைச் சுட்டுச் சோதிக்க 1813இல் தொடங்கிய பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் முத்திரை. ஊர்ப்பெயர் ஒன்று, பிறந்த இடம் வேறு! அந்தக் காலத்தில் இது சகஜம்தானாம்.

திருகாணிகளைச் சொல்லியே ஆக வேண்டும். தலையெல்லாம் பூவேலை. வெட்டுகள் அத்தனையும் குழலுக்கு இணையாக ஒரே திசையில் நிற்கின்றன. இறுக்கி முடிக்கும்போது வெட்டு சரியாக அங்கே வந்து நிற்கும்படி ஒவ்வொன்றாக ராவியிருக்கிறார்கள். இரும்பும் வால்நட் கட்டையும் சேரும் இடத்தில் நகம்கூட நுழையவில்லை.

ஏலம் கேட்கவில்லை. வீட்டில் கேட்டவர்களுக்கு இதுவே பதில்.