நிலம்பூர்த் தேக்கும் சாத்து மேனனும்

மரத்தொழிலால் வளர்ந்த ஊர்களைப் பற்றி நண்பர்கள் பலரும் எழுதி வருவதால், சிறு வயதிலிருந்து நான் அறிந்த, கேரளத்து நிலம்பூரைப் பற்றி எழுதுகிறேன். நாங்கள் நீலகிரியின் கூடலூர்க்காரர்கள். நாடுகாணியில் இறங்கத் தொடங்கி வழிக்கடவு, எடக்கரை ஆகியவற்றைக் கடந்தால் நிலம்பூர் வந்துவிடும். அப்பா தச்சர், நிலைக்கோ கதவுக்கோ நல்ல தேக்கு வேண்டுமென்றால் அங்கேதான் போவார், பள்ளி விடுமுறையாக இருந்தால் என்னையும் அழைத்துக்கொள்வார். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரியும் வரை மலபாரும் நீலகிரியும் ஒரே சென்னை ஆட்சியின் கீழ் இருந்தவை என்பதால், நிலம்பூர்த் தேக்கின் வரலாற்றில் பெரும்பகுதி சென்னை வனத்துறையின் வரலாறும் ஆகும்.

அந்தச் சாலையில் முதன்முறை வருகிறவர் இருபுறமும் உயர்ந்து நிற்கும் தேக்கைப் பார்த்து இயற்கைக் காடு என்றே எண்ணுவார். உண்மையில் அது மனிதர் நட்டு வளர்த்தது. அப்படி நட வேண்டிய நிலை வந்த காரணம்தான் இந்த ஊரின் வரலாறு. இங்கிலாந்தில் கப்பல் கட்டுவதற்கான ஓக் மரம் அருகி வந்த காலத்தில் மலபார்த் தேக்கின் மீது ஆங்கிலேயரின் கண் விழுந்தது. 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவரை வன அதிகாரியாக நியமித்து, காட்டுக்கு உரியவர்களே தம் மரத்தை வெட்டி விற்க முடியாதபடி கிழக்கிந்தியக் கும்பினி அந்த வணிகம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. எதிர்ப்பு முற்றியதால் 1823-இல் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே நீக்கினார். ஆனால் ஆற்றோரமாக, எளிதில் இழுத்துவரக்கூடிய இடங்களில் இருந்த மரங்கள் வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி, இனித் தேக்கை நட்டு வளர்த்தால்தான் உண்டு என்று முடிவுசெய்து, நிலம்பூர்ப் பகுதியில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்.

நடுவது எளிதாக இருக்கவில்லை. தேக்கின் காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காகிதம் போன்ற மெல்லிய உறையைக் கிழித்தால் உள்ளே சுண்டைக்காய் அளவில் ஓர் உருண்டை. அதன் மேல் கம்பளி போன்ற அடர்ந்த சுணை. அதையும் தேய்த்து நீக்கினால் நகம் இறங்காத கெட்டி ஓடு. விதை அந்த ஓட்டுக்குள் இருக்கிறது. தொடக்கத்தில் விதைத்தவை சரிவர முளைக்கவில்லை. அந்த நிலையில் பொறுப்பேற்றவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி. காயை ஊறவைத்து, நாற்றங்காலில் முளைக்கவிட்டு, மழைக்காலத்தில் கன்றுகளைப் பிடுங்கி நடும் முறை அவருடைய காலத்தில்தான் நிலைபெற்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் ஆண்டுதோறும் தோட்டத்தை விரித்துக்கொண்டே போனார். கனோலி 1855-இல் கோழிக்கோட்டில் தம் இல்லத்திலேயே மாப்பிள்ளை எனப்படும் மலபார் முஸ்லிம் கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டார். முதலில் நட்ட கன்றுகளுக்கு அப்போது பத்து வயதுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். இன்று சாலியாறும் குறவன்புழையும் கூடும் இடத்தில் எஞ்சியிருக்கும் 2.31 ஹெக்டேர் பழந்தோட்டத்துக்குக் கனோலியின் பெயரே வழங்குகிறது. சாத்து மேனனின் பெயரும் அதே அளவுக்குச் சொல்லப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிலம்பூருக்கு அருகே காட்டுக்குள் இருக்கும் நெடுங்கயத்தில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு முதியவர் இருந்தார். இளமையில் யானையோடு மரம் இழுத்தவர். அப்பா அவரைக் "காக்கா" என்று, மலபார் முஸ்லிம்களில் மூத்தவரை அழைக்கும் முறையில், அழைப்பார். அவர் அப்பாவை "ஆசாரியே" என்பார். ஒருமுறை மர டிப்போவில் அடுக்கியிருந்த பழைய தடி ஒன்றின் முனையில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை இருப்பதைப் பார்த்து, இப்படி ஓட்டை போட்டு நல்ல மரத்தைக் கெடுத்திருக்கிறார்களே என்று அப்பா வருந்தினார். அந்தத் துளையில்தான் கயிற்றைக் கோத்தோம் என்று அந்த முதியவர் விளக்கினார். கயிற்றின் மறுமுனையை யானை பல்லால் கடித்துக்கொண்டு இழுக்குமாம்; சரிவில் தடி தானாக உருளத் தொடங்கிவிட்டால் உடனே வாயைத் திறந்து கயிற்றை விட்டுவிடும், சங்கிலியால் உடம்போடு பிணைத்திருந்தால் தடியோடு யானையும் போய்விடும் என்றார். பாகன் சொல்வதற்கு முன்பே விட வேண்டிய நேரம் யானைக்குத் தெரிந்துவிடும் என்று அவர் சொன்னபோது, கூடவே வேலை செய்த ஒருவரைப் பற்றிப் பேசும் மரியாதை அந்தக் குரலில் இருந்தது. அன்றிலிருந்து துளையுள்ள தடியைப் பார்த்தால் அப்பா குறை சொல்வதில்லை.

காட்டிலிருந்து ஆற்றுக்கு வந்த மரம் சாலியாற்றில் இறங்கியது. பச்சைத் தேக்கு நீரில் மூழ்கும் இயல்புடையது என்பதால் மூங்கில் கட்டுகளோடு சேர்த்துக் கட்டி, தெப்பமாக மிதக்கவிட்டுக் கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள கல்லாயிக்குக் கொண்டுபோனார்கள். உலகின் பெரிய மரச் சந்தைகளில் ஒன்றாகக் கல்லாயி பேசப்பட்டது இந்த ஆற்றுவழியால்தான். பேப்பூரில் கட்டி அரபு நாடுகளுக்கு அனுப்பிய உரு என்னும் மரக்கப்பல்களுக்கும் நிலம்பூர்த் தேக்கு போயிற்று.

பிறகு ரயில் வந்தது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே நிறுவனம் ஷொறணூரிலிருந்து நிலம்பூர் வரை போட்ட 66 கிலோமீட்டர்ப் பாதை 1927-இல் முழுமை பெற்றது. மரத்தை ஏற்றுவதற்காக வந்த அந்தப் பாதையின் தண்டவாளங்களையே இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அதே போர்த் தேவைக்காகக் கனோலி காலத்துத் தோட்டத்திலும் மரங்கள் வெட்டப்பட்டன. விடுதலைக்குப் பிறகு, 1950-களில்தான் பாதை மீண்டும் போடப்பட்டது. இன்று அதில் போகிறவர்கள் பெரும்பாலும் இருபுறத்துப் பசுமையைப் பார்க்கப் போகிறவர்கள். அங்காடிப்புரம், வாணியம்பலம் நிலையங்களின் நிழலைப் புகழாதவர் இல்லை. அந்தத் தண்டவாளம் ஒருமுறை காணாமல் போன கதையையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடலூர்ச் சாலையில் உள்ள தேக்கு அருங்காட்சியகத்துக்கு, 1995-இல் தொடங்கிய இடம் அது, நிலம்பூர் போகிறவர்கள் கட்டாயம் செல்லுங்கள். முகப்பிலேயே 55 வயதுத் தேக்கு ஒன்றின் வேர்த்தொகுதியை அப்படியே தோண்டியெடுத்து வைத்திருக்கிறார்கள். கிளை, அடிமரம், வைரம் என்று மரத்தை மேலிருந்தே பார்த்துப் பழகிய அப்பா, அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ஆனால் அங்கும் சரி, ஊரிலும் சரி, காட்டைத் திருத்தி நட்டு, களையெடுத்து, தீயிலிருந்து காத்த பணியர், காட்டுநாயக்கர் போன்ற மக்களின் பெயர்களை நான் கண்டதில்லை. சோலைநாயக்கர்கள் இன்றும் கரிம்புழைப் பக்கத்து மலைக்காட்டில் வாழ்கிறார்கள். குத்தகை எழுதியபோது காட்டுக்கு உரியவராகக் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தையும் தேவஸ்வம் என்னும் கோயில் நிர்வாகத்தையும் ஏற்றுக்கொண்ட ஆட்சி, அந்தக் காட்டிலேயே பிறந்து வாழ்ந்தவர்களைக் கூலியாட்களாக மட்டுமே பார்த்தது. இது எனக்கு இன்றும் மிகுந்த மன வருத்தத்தைத் தருகிறது.

கல்லாயி அறுப்பு மில்களிலோ பேப்பூர் உரு வேலையிலோ இருந்த குடும்பத்தினர் இங்கே இருந்தால் அவசியம் எழுதுங்கள். குறிப்பாக, சாலியாற்றில் தெப்பம் ஓட்டியவர்கள் இரவில் எங்கே கரை ஒதுங்கினார்கள், வெள்ளக் காலத்தில் கட்டு அவிழ்ந்து போன தடிகளை எப்படி மீட்டார்கள் என்பதை அறிய விரும்புகிறேன். நெடுங்கயத்து முதியவரிடம் இதைக் கேட்டபோது, அது ஆற்றுக்காரர்களுக்குத் தெரிந்த வேலை, தமக்குக் காடு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்.