பத்தடிக் கராஜுக்குள் மரவேலைப் பட்டறை: ஸ்கெட்ச்அப்பில் அடங்குகிறது, தரையில் அடங்குமா?

மரப்பொம்மை (உப்புவெளி):
வணக்கம். வீட்டுக்காரர் ஓட்டோவை விற்றதும் கராஜ் காலியாகிவிட்டது. அவர் அதற்குள் பழைய சாமான்களை அடுக்கத் தொடங்குவதற்கு முன் பட்டறையாக்கிவிட வேண்டும், அதுதான் அவசரம். உள்ளளவு 18 அடி நீளம், 10 அடி அகலம். கிழக்கே கடல் பக்கம் பார்த்து ரோலர் ஷட்டர், தெற்கே ஒரு யன்னல், மேலே தகரம்.

நான் கணிதம் படிப்பிக்கிற ரீச்சர். சின்னப் பிள்ளைகளுக்கு எண் பலகை, பின்னக் கட்டைகள், புத்தக றாக்கை என்று செய்வேன். இதுவரை எல்லாம் விறாந்தையில்தான். மாமிக்கு மரத்தூள் பட்டாலே தும்மல், அதனால் தினமும் சாமான்களைத் தூக்கி வைத்து, கூட்டி, கழுவி முடிப்பதற்குள் வேலை செய்த நேரத்தைவிட அந்த நேரம் கூடிவிடுகிறது.

உள்ளே வர வேண்டியவை: டேபிள் சோ (மேசையோடு சேர்ந்த வாள், 1800 வோட்), மைட்டர் சோ (பலகையைக் குறுக்கே வெட்டுகிற வாள்), பெஞ்ச் ட்ரில், வக்கூம் (தூள் உறிஞ்சுவது, 1200 வோட்), 5 அடி வேலைமேசை, மர றாக்கை. ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளின் இலவசப் பதிப்பில் அறையை வரைந்து, யாரோ செய்து 3டி வேர்ஹவுஸில் போட்டிருந்த மெஷின்களை இறக்கி வைத்தேன். எல்லாம் அடங்குகிறது. நடுவில் கதிரை போட்டுத் தேநீர் குடிக்கக்கூட இடம் மிஞ்சுகிறது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது! சரியாக அடங்குகிறதா என்று படத்திலேயே சோதிக்க வழி உண்டா? இன்னொன்று, இது பிரவுசரில் ஓடுவதால் டேட்டா தின்கிறது. என் லப்டொப்பில் 4 ஜிபி ராம்தான்.

கோட்டுச்சட்டம் (கந்தளாய்):
டேட்டாதான் பிரச்சினை என்றால் ஸ்வீட் ஹோம் 3டி என்ற வீட்டு வரைபட மென்பொருளை எடுங்கள். இலவசம், ஒருமுறை இறக்கினால் இன்டர்நெட் இல்லாமலே ஓடும், பழைய லப்டொப்புக்கும் பரவாயில்லை. மேலே தரைப்படம், கீழே முப்பரிமாணக் காட்சி. ஒவ்வொரு பொருளுக்கும் நீள அகலத்தோடு, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் கொடுக்கலாம். மேசைக்கு மேலே தட்டு அடிப்பதென்றால் அது உதவும்.

பலகை பலகையாக இணைத்து றாக்கையை வரைந்து பார்க்க ஸ்கெட்ச்அப்தான் வசதி. அதில் ஒரே மாதிரி வருகிறவற்றை கொம்போனென்ட் ஆக்கிவிடுங்கள், ஒன்றைத் திருத்தினால் மற்றதெல்லாம் மாறும். இறக்கிய மாடல்களை அளவு பார்க்காமல் நம்பவேண்டாம். உங்களுடையது வேறு மெஷினாக இருக்கும். டேப்பால் அளந்து வெறும் பெட்டியாக வரைந்தாலே போதும்.

கதவுநிலை (பாலையூற்று):
ரீச்சர், நீங்கள் மெஷினை வரைந்திருக்கிறீர்கள், மரத்தை வரையவில்லை. பட்டறையில் இடம் பிடிப்பது மெஷின் இல்லை, அதற்குள் போய்வருகிற பலகை.

8க்கு 4 அடி பிளைவூட் ஒன்றை டேபிள் சோவின் உயரத்தில் வரையுங்கள். அதை முன்னாலிருந்து பின்னால் தள்ளிப் பாருங்கள். நீளவாக்கில் அறுக்க பிளேட்டுக்கு முன்னே 8 அடி, பின்னே 8 அடி, நீங்கள் நிற்க 2 அடி. உங்கள் 18 அடி அங்கேயே முடிந்தது. மேசையை எங்கே வைப்பீர்கள், கூரையிலா?

ஷட்டரைத் திறந்துவிட்டு பலகை வெளியே போகிற மாதிரி சோவைத் திருப்பி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். முழுப் பலகையைச் சின்ன சோவில் தனியாகத் தள்ளினால் அது வளைந்து, பிளேட்டைப் பிடித்து, உங்கள் பக்கமே திரும்பி வரும். முற்றத்தில் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) விரித்து, சர்குலர் சோவால் (கையில் பிடித்து ஓட்டுகிற வட்ட வாள்) முதலில் துண்டாக்குங்கள். 4 அடிக்கு மேல் துண்டு உள்ளே வராது என்று வைத்துக்கொண்டால் 4, 4, 2, மொத்தம் 10 அடி. மீதி 8 அடி உங்களுடையது.

அப்புறம் உயரம். வேலைமேசையை சோவின் மட்டத்துக்கு, அல்லது ஒரு நூல் தாழ, செய்து சோவுக்குப் பின்னால் போடுங்கள். அறுத்த பலகை அதன்மேல் வழுக்கிப் போகும், தனியாக ஒரு தாங்குமேசை தேவையில்லை. மைட்டர் சோ நீளச் சுவரோடு, நடுவாக்கில். இரண்டு பக்கமும் பலகை நீளுமே.

கச்சான் (சீனக்குடா):
நான் வயரிங் வேலை. அந்தப் படத்தில் பிளக் பொயின்டையும் போடுங்கள் அக்கா. ஒரு பொயின்ட் தாங்குவது 13 அம்பியர், 230 வோல்ட் என்றால் 2990 வோட். உங்கள் சோவும் வக்கூமும் சேர்ந்து 3000. இரண்டும் சேர்ந்துதான் ஓடும், ஆகவே ஒரே எக்ஸ்டென்ஷனில் குத்தவே கூடாது. வெவ்வேறு பிரேக்கரில் இருந்து இரண்டு பொயின்ட் எடுங்கள். சோவுக்கு உரியது அது நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், வயர் காலில் தடக்காது.

காற்றையும் பாருங்கள். கச்சான் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் தெற்கு யன்னலும் ஷட்டரும் திறந்தால் தூள் தானாகக் கடல் பக்கம் போய்விடும். மார்கழியில் வாடை மழையோடு நேரே ஷட்டருக்குள் அடிக்கும். பிளைவூட் றாக்கையை மேற்குச் சுவருக்கு மாற்றுங்கள். பெஞ்ச் ட்ரில்லின் தட்டு வார்ப்பிரும்பு, உப்புக்காற்றுக்கு உடனே துருப்பிடிக்கும். அதுவும் உள்பக்கம் போகட்டும். மெழுகு பூசித் துடைத்து வைத்தால் இன்னும் நல்லது.

மரப்பொம்மை:
மூவருக்கும் நன்றி. ஒவ்வொரு மெஷினுக்கும் பலகை போய்வருகிற இடத்தைக் கண்ணாடி நிறப் பெட்டியாக வரைந்து தனி டேக்கில் போட்டேன், வேண்டாதபோது மறைக்கலாம். தேநீர்க் கதிரை போய்விட்டது. ஆனால் டேபிள் சோவின் பெட்டியும் மைட்டர் சோவின் பெட்டியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கின்றன. எவ்வளவு நகர்த்தியும் பிரிகிறதாக இல்லை.

கதவுநிலை:
பிரியவேண்டாம் ரீச்சர். தனியாள்தானே? இரண்டு சோவையும் ஒரே நேரத்தில் ஓட்டமாட்டீர்கள். வெறும் இடத்தை இரண்டு மெஷினும் பங்குபோடலாம். அந்தப் பெட்டிக்குள் நகராத சாமான் வந்தால்தான் பிழை: தூண், றாக்கை, ட்ரில் அப்படி. அதை மட்டும் பாருங்கள். பிறகு உங்களிடம் வெண்கட்டிக்குப் பஞ்சமா, தரையில் அதே அளவுக்குக் கீறி, கையில் ஒரு 4 அடிச் சலாகையோடு நடந்து பாருங்கள்.

மரப்பொம்மை:
அப்படியென்றால் ட்ரில் மட்டும்தான் இடிக்கிறது, மூலைக்குத் தள்ளிவிட்டேன். சர்குலர் சோ இனித்தான் வாங்கவேண்டும். 7¼ அங்குல பிளேட் உள்ளது காணுமா?

கதவுநிலை:
18 மி.மீ. பிளைவூட்டுக்குத் தாராளம். கூடவே வருகிற பிளேட்டைக் கழற்றி வைத்துவிட்டு 40 பல்லுள்ளது வாங்கிப் போடுங்கள். சர்குலர் சோவின் பல் கீழிருந்து மேலே அறுக்கும், மேல்முகம்தான் பிய்யும். நல்ல முகத்தைக் கீழே வையுங்கள்.