மாமா விற்ற காருக்கு வந்த அபராதம்

குழு: நம்ம வீட்டு ஆட்கள்
சனிக்கிழமை

நங்கநல்லூர் மாமா, காலை 7:12
எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் கேட்க வேண்டும். நேற்று ராத்திரி போனுக்கு டிராஃபிக் போலீஸ் மெசேஜ் வந்தது. நம் பழைய காரின் நம்பர் போட்டு, சிக்னல் மீறியதற்கு 500 ரூபாய், சீட் பெல்ட் போடாததற்கு 1,000 ரூபாய் என்று இரண்டு சலான். அந்த வண்டியை விற்று மூன்று மாதம் ஆகிறதே?

பெரம்பூர் சித்தப்பா, காலை 7:15
மச்சான், மெசேஜில் லிங்க் இருந்தால் தொடாதீர்கள். சலான் என்று சொல்லி ஆப் இறக்கச் சொல்லும் மோசடி நிறைய நடக்கிறது.

நங்கநல்லூர் மாமா, காலை 7:16
தொடவில்லை மாப்பிள்ளை. படித்ததோடு சரி.

நான், காலை 7:31
மாமா, இ-சலான் பரிவாகன் தளத்தில் இப்போதுதான் பார்த்தேன். முகவரி ஜிஓவி டாட் இன் என்றுதான் முடிய வேண்டும், அதுதான் அசல். வண்டி நம்பரோடு, வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேஸ் நம்பரின் கடைசி எண்களையும் கேட்டது. பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் இருந்ததைப் போட்டேன். இரண்டு சலானும் உண்மைதான். அதைவிடப் பெரிய விஷயம், வண்டி இன்னும் உங்கள் பேரில்தான் இருக்கிறது.

நங்கநல்லூர் மாமா, காலை 7:33
அது எப்படி? பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனே.

நான், காலை 7:34
அதில் வாங்குகிறவர் பேர், தேதி எல்லாம் எழுதியிருந்ததா?

நங்கநல்லூர் மாமா, காலை 7:38
காலியாகத்தான் இருந்தது. மிச்சத்தை நானே நிரப்பி ஆர்.டி.ஓ.வில் கொடுத்துவிடுகிறேன் என்று புரோக்கர் சொன்னார். பதிவுச் சான்றான ஆர்.சி.யையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

பெரம்பூர் சித்தப்பா, காலை 7:52
மச்சான், இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. என் மாருதி வேனையும் இப்படித்தான் கொடுத்தேன். வெற்று ஃபார்மில் கையெழுத்து வாங்கிய புரோக்கர் அதை இன்னொருவருக்கு விற்று, அவர் இன்னொருவருக்கு விற்று, மூன்று கை மாறிவிட்டது. ஆர்.சி.யில் மட்டும் என் பேர் அப்படியே இருந்தது. ஒருநாள் வேன் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதிவிட்டது. ஓட்டியவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. போலீஸ் வந்து நின்றது என் வீட்டு வாசலில். அப்புறம் விபத்து இழப்பீட்டு வழக்கில் என்னையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து நோட்டீஸ். ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற சிறுவழக்கு நீதிமன்றத்துக்கு மூன்று வருடம் அலைந்தேன். இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததால் பணத்தை அவர்கள் கட்டினார்கள். இல்லையென்றால் என் பி.எஃப். பணம் முழுக்கப் போயிருக்கும். மங்கை சித்தியைக் கேளுங்கள், எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தேன் என்று.

அத்தை, காலை 7:55
ஐயோ. இதை எங்களிடம் நீங்கள் சொல்லவே இல்லையே.

நான், காலை 8:06
சித்தப்பா சொல்வதுதான் நான் வேலையில் தினமும் பார்ப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018-ல் உச்ச நீதிமன்றமும் நவீன் குமார் வழக்கில் இதையே உறுதி செய்தது. வண்டியை விற்றிருந்தாலும், பதிவில் பேர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் இருப்பவர்தான் பொறுப்பு. அதனால் மாமா, இந்த 1,500 ரூபாயை நினைத்து நான் பயப்படவில்லை. உங்கள் பாலிசி எப்போது முடிகிறது?

நங்கநல்லூர் மாமா, காலை 8:14
பீரோவில் தேடி எடுத்தேன். ஆகஸ்ட் வரை இருக்கிறது.

நான், காலை 8:15
அப்பாடா. அதற்குள் முடித்துவிடலாம்.

வேளச்சேரி அக்கா, காலை 8:20
தம்பி, நாளைக்குத்தான் என் காரை எடுக்க ஆள் வருகிறார். அவரும் கையெழுத்து மட்டும் போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்ய?

நான், காலை 8:22
அக்கா, அவசரப்பட்டுச் சாவி கொடுக்காதே. முதலில் மாமா விஷயத்தை முடித்துவிட்டு உன்னிடம் வருகிறேன்.

மாமா, வாங்கியவர் யார் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?

நங்கநல்லூர் மாமா, காலை 8:25
முழுப் பணமும் பேங்க் வழியாகத்தான் வந்தது, அவர் கணக்கிலிருந்தே. ஆதார் நகல் வாங்கினேன். டெலிவரி லெட்டர் எழுதவில்லை.

வேளச்சேரி அக்கா, காலை 8:31
ஒரு நிமிடம். அன்றைக்கு அத்தை இந்தக் குரூப்பில் படம் போட்டாரே! மேலே போய்த் தேடினேன். மார்ச் 9, மாலை 5:40. மாமா சாவி கொடுக்கிறார், நம்பர் பிளேட்டும் அந்த ஆள் முகமும் தெளிவாகத் தெரிகிறது. திரும்ப இங்கேயே அனுப்புகிறேன்.

அத்தை, காலை 8:33
22 வருடம் நம் வீட்டு வண்டியாக இருந்தது என்று மனசு கேட்காமல் எடுத்த படம் அது.

நான், காலை 8:45
அத்தை, அந்தப் படத்தை அழிக்காதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்டையும் ஆதார் நகலையும் அதோடு சேர்த்து வைத்தால் வண்டி எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்று காட்டலாம். சலான் வந்த நாட்கள் மார்ச் 9-க்குப் பிறகுதான். ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. கேட்பதற்கு முன்பே நாம் எழுத்தில் கொடுத்துவிடுவோம்.

முதலில் வாங்கியவரைக் கூப்பிடுங்கள் மாமா. கோபமாகப் பேச வேண்டாம். சலான் பாக்கி இருந்தால் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றம் நகராது, நாளைக்கு அவர் விற்க நினைத்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். வாங்கியவர் 30 நாளில் மாற்றியிருக்க வேண்டும், அதுவும் தாண்டிவிட்டது.

அவர் வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை நாம் மீனம்பாக்கம் ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறோம். விற்ற விவரத்தை எழுதிக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கி வருவோம். விற்றவரும் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நம் பக்கமும் தாமதம் இருக்கிறது. பரவாயில்லை, இப்போதாவது தெரிவிப்போம்.

நங்கநல்லூர் மாமா, காலை 8:47
சரி தம்பி. இப்போதே கூப்பிடுகிறேன்.

பெரம்பூர் சித்தப்பா, காலை 8:50
நானும் வருகிறேன் மச்சான். தனியாகப் போகாதீர்கள்.

நான், காலை 9:02
அக்கா, இப்போது உன் வண்டி. கார் லோன் முடித்தாயே, ஆர்.சி.யில் பேங்க் பேரை எடுத்துவிட்டாயா?

வேளச்சேரி அக்கா, காலை 9:04
கடன் பாக்கி இல்லை என்று பேங்க் கொடுத்த என்.ஓ.சி. பீரோவில் இருக்கிறது. லோன் முடித்ததும் தானாகவே போய்விடும் என்று நினைத்தேன்.

நான், காலை 9:09
தானாகப் போகாது. ஃபார்ம் 35-ஐயும் பேங்க் என்.ஓ.சி.யையும் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து எச்.பி.யை, அதாவது பேங்க் அடமானப் பதிவை, கேன்சல் செய்ய வேண்டும். பேங்க் பேர் இருக்கும் வரை வாங்குகிறவர் பேருக்கு மாற்ற முடியாது. வருகிற ஆள் எந்த ஊர்?

வேளச்சேரி அக்கா, காலை 9:10
புதுச்சேரி. பக்கம்தானே?

நான், காலை 9:18
தூரம் பக்கம்தான், ஆனால் அது தனி யூனியன் பிரதேசம். வண்டி தமிழ்நாட்டைத் தாண்டிப் போனால் ஃபார்ம் 28-இல் நம் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்கு சலான் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. உன் வண்டியையும் தளத்தில் பார்த்தேன், ஒரு நோ பார்க்கிங் 500 ரூபாய் இருக்கிறது.

வேளச்சேரி அக்கா, காலை 9:20
தி.நகரில் நிறுத்தியது. இன்றைக்கே கட்டிவிடுகிறேன்.

பெரம்பூர் சித்தப்பா, காலை 9:23
பாப்பா, புரோக்கர் இல்லாமல் பெரிய யூஸ்டு கார் கம்பெனிக்குக் கொடுத்தால் இந்த அலைச்சல் இல்லை என்கிறார்களே?

நான், காலை 9:30
அங்கேயும் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும் சித்தப்பா. 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி இருக்கிறது. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி ஆன்லைனில் பதிவாக வேண்டும். பதிவானால், அடுத்தவருக்கு விற்கும் வரை அந்த டீலரையே உரிமையாளராகக் கருதுவார்கள். பதிவு செய்யாத டீலரிடம் கொடுத்தால் மாமாவின் நிலைமைதான்.

அக்கா, நாளைக்கு வருகிறவரிடம் அட்வான்ஸ் மட்டும் வாங்கு. எச்.பி. கேன்சல், ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று இரண்டும் வந்த பிறகு வண்டி கொடுக்கலாம். கொடுக்கும் நாளில் டெலிவரி லெட்டரில் தேதியோடு நேரத்தையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். காலை 11 மணிக்கு நீ கொடுத்து, மதியம் 2 மணிக்கு அவர் சிக்னலைத் தாண்டினால் அந்த நேரம்தான் உன்னைக் காப்பாற்றும். இன்னொன்று, நீ ஐந்து வருடமாக இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்யவில்லை. அதற்குக் கிடைக்கும் 50 சதவீத பிரீமியத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், உன்னுடையது, வண்டியோடு போகாது. பேர் மாறியதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வை, மூன்று வருடத்துக்குள் புது கார் வாங்கினால் பயன்படும்.

வேளச்சேரி அக்கா, காலை 9:34
அது எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. விலையில் சேர்த்துக் கேட்டால் விட்டுக்கொடுத்திருப்பேன்.

அத்தை, காலை 9:41
எல்லாரும் இதைப் பாருங்கள். மாமா போனில் ஃபாஸ்டேக் மெசேஜும் வந்திருக்கிறது. பரனூர் டோல்கேட்டில் நான்கு தடவை பணம் போயிருக்கிறது. நாங்கள் கவனிக்கவே இல்லை.

நான், காலை 9:43
அதையும் இன்றைக்கே மூடிவிடுங்கள் அத்தை. எந்த பேங்கில் வாங்கினீர்களோ அங்கே சொல்லிவிட்டால் போதும். மெசேஜ்களை மட்டும் அழிக்க வேண்டாம்.

நங்கநல்லூர் மாமா, காலை 10:05
போன் எடுத்தார். புரோக்கர் மாற்றிவிட்டதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தாராம். ஆர்.சி. அவரிடம் இருக்கிறது, ஃபார்ம் இன்னும் புரோக்கர் கையில்தான். சலானைத் தானே கட்டுவதாகச் சொன்னார். குரல் கேட்டால் நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறது.

பெரம்பூர் சித்தப்பா, காலை 10:07
அந்தப் பழைய ஃபார்ம் வேண்டாம் மச்சான். புதிதாக எழுதுவோம், நீங்கள் அவர் பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பழையதைத் திரும்ப வாங்கிக் கிழிக்க வேண்டும்.

நங்கநல்லூர் மாமா, காலை 10:09
சரி மாப்பிள்ளை. திங்கட்கிழமை 10 மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலுக்கு வண்டியோடு வருகிறாராம். சேஸ் நம்பருக்குப் பென்சில் பிரின்ட் எடுக்க வண்டி வேண்டுமல்லவா. தம்பி, நீ முந்தின ராத்திரியே இங்கே வந்துவிடு.

நான், காலை 10:10
வருகிறேன் மாமா. ஆகஸ்ட் பாலிசியின் நகலையும் வெளியே எடுத்து வையுங்கள்.